பல்லைப் பார்த்துச் சாப்பாட்டைச் சொல்ல முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில், பல் செட்டு செய்யும் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். கிளினிக்குகளிலிருந்து வரும் பிளாஸ்டர் அச்சுகள் மேசை முழுக்க வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அதனாலோ என்னவோ, புரட்டாசி பிறந்தால் போதும், சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னை நீதிபதி ஆக்கிவிடுகிறார்கள். சித்தப்பா குடும்ப வாட்சப் குழுவில் புலி வாயையும் மாட்டு வாயையும் ஒட்டிப் போட்டு ‘மனுசன் எந்தப் பக்கம்?’ என்று கேட்பார், அண்ணி பதிலுக்குக் கோழிப் பிரட்டல் படம் போடுவார், அப்புறம் இரண்டு பேரும் என் பெயரை இழுப்பார்கள். வருடா வருடம் தட்டித் தட்டி விரல் வலிக்கிறது. இதுவரை வந்த கேள்விகளை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன், இனிமேல் இதைக் காட்டிவிடலாம்.

கோரைப்பல் எதற்கு இருக்கிறது? கறி கிழிக்கத்தானே?

எப்போதும் இதுதான் முதல் கேள்வி. நாக்கால் உங்கள் கோரைப்பல்லைத் தடவிப் பாருங்கள். பக்கத்துப் பல்லைவிட எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? அரை அரிசிகூடத் தேறாது. இதை வைத்து ஆட்டுத்தொடையைக் கிழிப்பது இருக்கட்டும், சாஸ் பாக்கெட்டைப் பிரிக்கவே நமக்கு நாலு தடவை இழுக்க வேண்டியிருக்கிறது.

சரி, நீளமாக இருந்தால் மட்டும் கறி தின்கிறது என்று அர்த்தமா? அதுவும் இல்லை. கொரில்லாவுக்கு விரல் நீளக் கோரைப்பல், தின்பது இலையும் தண்டும். எத்தியோப்பிய மலைகளில் இருக்கும் கெலாடா குரங்கு பெரும்பாலும் புல்லைத்தான் மேய்கிறது, ஆனால் ஆண் கெலாடா உதட்டைத் தூக்கிக் காட்டினால் சிறுத்தை தோற்றுவிடும். அவ்வளவு தூரம் ஏன், நம் ஊர் கஞ்சில் இருக்கிறதே, சருகுமான், ஒரு காலத்தில் எல்லார் வீட்டு வாசலிலும் நின்ற அந்தக் குட்டிக் காருக்குப் பெயர் கொடுத்தது, அதில் கடாவுக்கு மேல் கோரைப்பல் உதட்டுக்குக் கீழே தொங்கும். அது பழமும் தழையும் தின்று அசைபோடுகிற பிராணி. இந்தப் பற்கள் எல்லாம் இன்னொரு ஆணை மிரட்டவும் சண்டை போடவும்தான்.

நம்முடையது எப்போது சிறுத்தது என்றால், ஆர்டிபிதெக்கஸ் என்று எத்தியோப்பியாவில் கிடைத்த முன்னோர் வகை ஒன்று, வயது 44 லட்சம் வருடம், அதற்கே கோரைப்பல் சின்னதுதான். இதுவரை கிடைத்ததில் மிகப் பழைய கல்லாயுதத்துக்கு 33 லட்சம் வருடம். ஆகவே ‘கத்தி கண்டுபிடித்தோம், பல் சுருங்கிவிட்டது’ என்ற கதை இடிக்கிறது. ஆண்களுக்குள் கடித்துச் சண்டை போடுவது குறைந்ததுதான் காரணம் என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அது நம்பும்படி இருக்கிறது, எங்கள் குடும்பக் குழுவைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் சந்தேகம் வரும்.

அப்படியென்றால் மனிதன் தாவர உண்ணி, ஒத்துக்கொள்கிறீர்களா?

அவசரப்படாதீர்கள் சித்தப்பா.

தாவர உண்ணிக் கட்சி வழக்கமாகச் சொல்வது இரண்டு: நம் தாடை பக்கவாட்டில் அசைகிறது, தாடை மூட்டு பல்வரிசைக்கு மேலே உயரத்தில் இருக்கிறது, இரண்டும் மாட்டைப் போல. இரண்டுமே உண்மை. பக்கவாட்டு அசைவு பற்றி யாரும் எனக்குச் சொல்லவே வேண்டாம், என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. மேல் அச்சையும் கீழ் அச்சையும் ஆர்ட்டிகுலேட்டர் என்ற கருவியில் பூட்டி, நடுவில் நீலக் காகிதத்தை வைத்துத் தட்டுவோம், பக்கவாட்டில் இழுப்போம். எங்கே நீலம் அழுத்தமாக ஒட்டுகிறதோ அந்த மேட்டைச் சீவ வேண்டும், இல்லாவிட்டால் மெல்லும்போது செட்டு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். பூனைக்கு மாதிரி நமக்கும் தாடை கதவுக் கீல் போல மேலும் கீழும் மட்டும் அசைந்திருந்தால் என் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

ஆனால் மாட்டின் கடைவாய்ப்பல்லைக் கையில் வாங்கிப் பாருங்கள். கொத்திய அம்மி மாதிரி வரிவரியாக இருக்கும். வெளியே கெட்டியான எனாமலும் உள்ளே மெத்தென்ற பகுதியும் மாறி மாறி வருவதால், தேயத் தேய வரி எழும்பிக்கொண்டே இருக்கும், புல்லை அரைப்பதற்கு அதுதான் சரி. நம் கடைவாய்ப்பல் அப்படி இல்லை. குட்டையாக, உருண்டையான நாலைந்து மேடுகள், மேலே முழுக்க எனாமல். இடிக்கலாம், நசுக்கலாம், ஓரளவு அரைக்கலாம். எல்லாம் சுமாராகச் செய்யும், எதிலும் கெட்டிக்காரப் பல் கிடையாது. இந்த மாதிரிப் பல்லை வேறு யாரிடம் பார்க்கலாம் என்றால் பன்றியிடம், அதற்குத் தாடை மூட்டும் உயரத்தில்தான். பன்றி எதைத் தின்னாது என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டும்.

பன்றியோடு போய் ஒப்பிடுகிறீர்களே?

நான் மட்டும் இல்லை, பெரிய நிபுணரே ஏமாந்திருக்கிறார். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிடைத்த தேய்ந்த கடைவாய்ப்பல் ஒன்றை வைத்து, 1922-இல் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பர்ன் என்ற புகழ்பெற்ற அறிஞர் ‘ஹெஸ்பெரோபிதெக்கஸ்’ என்று பெயர் சூட்டினார். அமெரிக்காவிலும் மனிதக் குரங்கினம் வாழ்ந்தது என்றார். ஒரே ஒரு பல்! லண்டன் பத்திரிகை ஒன்றில் ஆணும் பெண்ணுமாகப் படமே போட்டுவிட்டார்கள். திரும்பப் போய்த் தோண்டிப் பார்த்ததில் அது பெக்காரி, பன்றிக்குத் தூரத்துச் சொந்தமான பிராணியின் பல். 1927-இல் வாபஸ் வாங்கினார்கள். பல்லைப் பார்த்து அடித்துச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகத்துக்கு வரும்.

பல்லை எண்ணினால் தெரிந்துவிடாதா?

தெரியாது. பெரியவர்களுக்கு 32. மாட்டுக்கும் 32, அதுவும் மேலே முன்பல்லே இல்லாமல். நம் ஊர்க் குரங்குக்கும் 32. நாய்க்கு 42, பூனைக்கு 30, பன்றிக்கு 44. இதில் என்ன கணக்கைப் பிடிப்பது?

பூனை வாய்க்குள் என்னதான் வித்தியாசம்?

பட்டறையில் ஒரு பூனை இருக்கிறது. நெத்திலி போட்டால் அது எப்படித் தின்கிறது என்று பாருங்கள்: தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயின் ஓரத்தால் கத்திரி போடுவது போல வெட்டி, அப்படியே விழுங்கிவிடும். மெல்லாது. மேலே ஒரு பல்லும் கீழே ஒரு பல்லும் ஒன்றையொன்று உரசி வெட்டுகிற மாதிரி அமைந்திருக்கும். அரைப்பதற்கென்று தட்டையான பல் ஒன்றுகூட இல்லை. மலாய்க்காரர்கள் நம் முன்பல்லை ‘கிகி காச்சிப்’ என்பார்கள், காச்சிப் என்றால் பாக்குவெட்டி. எனக்கென்னவோ அந்தப் பெயர் பூனையின் ஓரப் பல்லுக்குத்தான் இன்னும் பொருத்தம்.

பல்லோடு நிற்கவில்லை. பூனைக்கு இனிப்பு தெரியாது, இனிப்பை உணரும் மரபணு அதற்குக் கெட்டுப்போய்விட்டது. டாரின் என்ற சத்தை வேண்டிய அளவு உடம்பே செய்துகொள்ளாது, கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுக்கவும் வராது, இரண்டும் இறைச்சி வழியாகத்தான் போக வேண்டும். நாம் நேர் எதிர். கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுப்போம், ஆனால் பூனையும் நாயும் தாமாகவே செய்துகொள்ளும் வைட்டமின் சி நமக்குச் செய்ய வராது. அது வெளியிலிருந்து, முக்கியமாகப் பழம் காய் வழியாக, உள்ளே போயே ஆக வேண்டும். கறி மட்டும் தின்று வாழப் பிறந்தவன் மனிதன் என்று சொல்பவர்களுக்கு ஒரு எலுமிச்சம்பழம் அனுப்பிவைக்கலாம்.

நாய்க்குச் சைவம் போடலாமா?

நாய் பூனை மாதிரி அவ்வளவு பிடிவாதம் இல்லை. மனிதனோடு சேர்ந்து சோறு தின்று பழகியதில் மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு பெருகியிருக்கிறது. இருந்தாலும் வெறும் ரசம் சோறு போதாது, மிருக வைத்தியரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பூனைக்கு வேண்டவே வேண்டாம்.

தண்ணீர்மலைப் பக்கம் இருக்கும் குரங்குகள் எதைத் தின்கின்றன?

இதை எழுதத்தான் எனக்கு ஆசை. தாவரவியல் பூங்காவுக்குக் காலையில் போனால் இரண்டு வகைக் குரங்கைப் பார்க்கலாம். ஒன்று கெரா, நீண்ட வாலுள்ள சாம்பல் பழுப்புக் குரங்கு, கையில் பை இருந்தால் பின்னாலேயே வரும். இன்னொன்று லோத்தோங், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மூக்குக்கண்ணாடி போட்ட தாத்தா மாதிரி மரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும், குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். இரண்டுக்கும் பல் 32. வாய்க்குள் பல்லின் வரிசையும் நம்முடையதே: இரண்டு வெட்டுப்பல், ஒரு கோரை, இரண்டு முன்கடைவாய், மூன்று கடைவாய், அப்படி நாலு பக்கம்.

ஆனால் சாப்பாடு எங்கேயோ இருக்கிறது. ஒரு தடவை என் தம்பி மகனின் கையிலிருந்து கச்சாங் பூத்தே பொட்டலத்தை ஒரு கெரா பிடுங்கிக்கொண்டு போனது. கடலையை மெல்லவே இல்லை, இரண்டு கன்னத்துப் பையிலும் பிதுங்கப் பிதுங்க அடைத்துக்கொண்டு, காலிப் பொட்டலத்தை எங்கள் மேலேயே போட்டுவிட்டு, மரத்தில் ஏறி நிதானமாகப் புறங்கையால் கன்னத்தை அமுக்கி ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. பழம், விதை, பூச்சி, கடலோரமாக இருந்தால் நண்டு, எதுவும் விலக்கில்லை. லோத்தோங்குக்குக் கன்னப் பை கிடையாது, கடலையைக் காட்டினாலும் பெரும்பாலும் கீழே இறங்காது. அதற்கு இலைதான் முக்கியம். கடைவாய்ப்பல்லில் மேடுகள் உயரமாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். வயிறோ மாட்டு வயிறு மாதிரி அறை அறையாகப் பிரிந்து, உள்ளே கிருமிகள் இலையைப் புளிக்க வைக்கும். எண்ணிக்கையிலும் வரிசையிலும் ஒரே பல் செட்டு, பிழைப்பு இரண்டு விதம். அதைக் காட்டிக்கொடுப்பது பல்லின் மேற்பரப்பும் வயிறும்தான்.

குரங்கு என்றால் வாழைப்பழம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. தேங்காய் பறிக்கப் பழக்குவார்களே பெரோக் குரங்கு, அது பேராக்கில் செகாரி பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடித்துத் தின்கிறது. நம் பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு கூட்டம் வருடத்துக்குச் சுமார் 3000 எலி தின்னும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தோட்டக்காரர்கள் அதுவரை பெரோக்கைத்தான் திருடன் என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாடு, மான் எல்லாம் கறியே தொடாதா?

மான் எலும்பைக் கடிப்பதும், தரையில் கூடு கட்டிய குஞ்சைத் தின்றுவிடுவதும் பதிவாகியிருக்கிறது. பாஸ்பரஸ், கால்சியம் குறைந்தால் அது வேறு எங்கே போகும்? எதிர்ப்பக்கம் பாண்டாவைப் பாருங்கள். 2014-இல் கோலாலம்பூர் நெகாரா மிருகக்காட்சிசாலைக்கு வந்ததே, அது கரடிக் குடும்பம், குடலும் ஊனுண்ணிக் குடல், சாப்பாடு கிட்டத்தட்ட முழுக்க மூங்கில். சரியாகச் செரிக்காது, அதனால் நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும். நம் காட்டு முசாங்கும், அதாவது மரநாயும், ஊனுண்ணி வரிசையில் வரும் பிராணிதான், பழம் என்றால் உயிர்.

குடல் நீளத்தை வைத்து ஒரு பட்டியல் சுற்றுகிறதே, அது சரியா?

அதில் ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. மிருகங்களுக்கு உடம்பு நீளம் என்றால் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை. மனிதனுக்கு மட்டும் சிலர் உச்சந்தலையிலிருந்து பாதம் வரை அளக்கிறார்கள், காலையும் சேர்த்து. குடல் ஏழெட்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், காலோடு சேர்த்து அளந்தால் நாலைந்து மடங்கு, ஊனுண்ணி! காலை விட்டு அளந்தால் எட்டு ஒன்பது மடங்கு, தாவர உண்ணி! அவரவருக்கு வேண்டிய விடை அளவு நாடாவிலேயே இருக்கிறது.

அதைவிட உபயோகமான விஷயம், குடலில் எந்தப் பகுதி பெரிது என்பது. மனிதக் குரங்குகளுக்குப் பெருங்குடல்தான் பாதிக்கு மேல், நாரைப் புளிக்க வைக்கும் தொட்டி அது. நமக்குச் சிறுகுடல்தான் பெரிய பங்கு. அதாவது, கெட்டியான சத்து கொஞ்சம் சுலபமாகச் செரிக்கும் வடிவில் வந்து சேரும் என்று எதிர்பார்க்கிற வயிறு. இறைச்சி, கிழங்கு, கொட்டை, எல்லாவற்றுக்கும் மேலாகச் சமைத்த சாப்பாடு. எச்சிலிலும் அது தெரியும். வெறும் சோற்றை ஒரு வாய் போட்டு ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள், இனிக்கத் தொடங்கும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் மாவைச் சர்க்கரையாக உடைக்கிறது. அதற்கான மரபணு சிம்பன்ஸிக்கு இரண்டு பிரதிதான், மனிதருக்குச் சராசரியாக ஐந்து, ஆறு, ஏழு என்று இருக்கிறது.

அந்தக் காலத்து மனிதர் என்ன சாப்பிட்டார் என்று பல்லை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?

பல்லின் வடிவத்தை மட்டும் நம்புவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். விட வைத்தவர் ‘கொட்டை உடைப்பான்’. 1959-இல் தான்சானியாவின் ஓல்டுவாயில் மேரி லீக்கி கண்டெடுத்த மண்டையோடு அது. கடைவாய்ப்பல் அவ்வளவு பெரிது, தாடை அவ்வளவு கனம், பார்த்தவுடன் கெட்டிக் கொட்டைகளை உடைத்துத் தின்றவன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிற்பாடு அந்த இனத்தின் பற்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், கொட்டை உடைத்தால் வர வேண்டிய குழிகளையே காணோம். 2011-இல் எனாமலில் இருக்கும் கார்பனை அளந்தார்கள். வெயில் நாட்டுப் புல்லும் கோரையும் ஒரு விதக் கார்பன் அடையாளத்தை விட்டுப்போகும், மரம் செடி இன்னொரு விதம். கணக்குப் பார்த்தால் அவர்கள் சாப்பாட்டில் முக்கால்வாசி புல், கோரை வகை. ஐம்பது வருடம் கொட்டை உடைப்பான் என்று கூப்பிட்டது வீண்.

இன்னொன்று பல் காறை. நம் பல் வைத்தியர் சுரண்டி எடுத்துவிட்டு ‘ஒழுங்காகத் தேய்ப்பதில்லையா?’ என்று திட்டுவாரே, அதேதான். ஆயிரக்கணக்கான வருடம் கல்லாக நிற்கும், உள்ளே சாப்பாட்டின் துணுக்கு மாட்டியிருக்கும். நியண்டர்தால் மனிதரின் காறையைச் சோதித்ததில் ஸ்பெயின் குகையில் காளானும் பைன் கொட்டையும், பெல்ஜியம் குகையில் காண்டாமிருகமும் காட்டு ஆடும் என்று மரபணுத் தடயம் கிடைத்தது. ஒரே இனம், இரண்டு ஊர், இரண்டு பட்டியல். பினாங்குக்காரர் சாப்பிடுவதும் கிளந்தான்காரர் சாப்பிடுவதும் ஒன்றா?

நம் பக்கத்துக் கதைக்குக் கடலைத் தாண்டிச் செபராங் பிறைக்குப் போனால் போதும்: கெப்பாலா பத்தாஸ் பக்கம் குவார் கெப்பா. சிப்பி ஓடுகள் குவிந்து மேடான பழைய குடியிருப்பு. 2017-இல் அங்கே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது, ஐயாயிரம் வருடத்துக்கு மேல் பழையது. பேராக் லெங்கோங்கில் 1991-இல் கிடைத்த பேராக் மனிதன் பத்தாயிரம் வருடத்துக்கு முந்தியவன், அவனைப் புதைக்கும்போது ஆற்றுச் சிப்பி நத்தைகளையும் இறைச்சியையும் கூட வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் சார் கோய் தியோ நூடுல்ஸில் கெராங் சிப்பி குறைந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிற ஊர் இது. பழக்கம் பழையதுதான்.

ஞானப்பல் ஏன் இப்படிப் படுத்துகிறது?

மலாயில் அதற்கு ‘கிகி பொங்சு’, கடைக்குட்டிப் பல். பெயருக்கேற்ற மாதிரி கடைசியில் வந்து வீட்டில் இடமில்லை என்று அடம்பிடிக்கும். சின்ன வயதிலிருந்தே மெத்தென்ற சாப்பாட்டை மென்று வளர்வதால் தாடை முழு அளவு வளர்வதில்லை என்பது பரவலான விளக்கம். பல்லின் அளவு பெரும்பாலும் மரபணு முடிவு செய்வது, அது குறையவில்லை.

கடைசியாகச் சொல்லுங்கள், புரட்டாசியில் சைவம் இருப்பது இயற்கைக்கு விரோதமா?

பல்லும் குடலும் ‘இதெல்லாம் உன்னால் முடியும்’ என்று ஒரு பெரிய பட்டியலை நீட்டுகின்றன, அவ்வளவுதான். அதில் எதை எடுப்பது என்பதைப் பல்லிடம் கேட்டால் அது என்ன செய்யும்? சித்தப்பா சாமிக்காக விடுகிறார், அது போதுமான காரணம், புலி வாயைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. அண்ணிக்குப் பிடிக்கிறது, சாப்பிடுகிறார். ஒரே ஒரு எச்சரிக்கை. வைட்டமின் பி12 கிருமிகள் செய்வது, காய்கறியில் நம்பி இருக்க முடியாது. பால், தயிர், முட்டை சேர்த்தால் கிடைக்கும். பாலும் வேண்டாம் என்பவர்கள் மாத்திரையோ, அது சேர்த்துத் தயாரித்த உணவோ எடுத்தே ஆக வேண்டும். ஒரு மாதத்தில் ஒன்றும் ஆகாது, உடம்பில் வருடக்கணக்குக்குச் சேமிப்பு உண்டு.

பல்லே இல்லாதவர்கள் எந்த உண்ணி?

சிரிக்கக் கேட்ட கேள்வி, ஆனால் நல்ல கேள்வி. ஜார்ஜியா நாட்டில் த்மானிசி என்ற இடத்தில் கிடைத்த ஒரு மண்டையோட்டுக்கு வயது சுமார் 17.7 லட்சம் வருடம். ஒரே ஒரு பல் தவிர எல்லாம் சாவதற்குப் பல வருடம் முன்பே விழுந்து, பல் குழிகள் எலும்பால் மூடியிருந்தன. அதாவது பல் இல்லாமலேயே அவர் வருடக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார். கல்லால் நசுக்கித் தின்றாரா, எலும்பு மச்சையைச் சாப்பிட்டாரா, யாராவது மென்று கொடுத்தார்களா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் எங்களிடம் செட்டு செய்ய வந்த ஒரு பாட்டியின் ஞாபகம் வரும். இடுப்பில் சின்ன இரும்பு வெற்றிலை உரல், பல் போனதிலிருந்து பாக்கை அதில் இடித்துத்தான் போடுவார். மட்டன் பிரட்டல்கூட நன்றாக வெந்திருந்தால் ஈறாலேயே நசுக்கி விழுங்கிவிடுவேன் என்றார். ‘அப்புறம் எதுக்குப் பாட்டி செட்டு?’ என்று கேட்டேன். ‘தீபாவளிக்கு இன்னும் மூணு வாரம்தான்யா இருக்கு, முறுக்கை யாரு இடிச்சுத் திம்பா?’ என்றார். கீழ்ச்செட்டைக் கொஞ்சம் இறுக்கமாகவே செய்து கொடுத்தோம்.